ஏலக்காய் மணக்கும் நியூரம்பெர்க்

டிசம்பர் வந்துவிட்டால் ஜெர்மனியில் இருக்கும் நம்மாட்கள் எல்லோரும் போடுவது ஒரே படம்தான். கையில் ஆவி பறக்கும் க்ளூவைன் (மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயின்) கோப்பை, பின்னால் விளக்கு. நானும் போட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் போன டிசம்பரில் நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போய் வந்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் போனது என் தப்பு. ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்தில் நாம் நடக்கவே வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய் விடும். இனிப்புக் கடைக்குப் போக நினைத்து சாசேஜ் கடையில் போய் நின்றேன். சரி, வந்ததுக்கு என்று ஒரு பன்னுக்குள் விரல் நீளத்தில் மூன்று சாசேஜ் வைத்துத் தருவதை வாங்கிச் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி போனபோதுதான் சந்தையையே பார்த்தேன். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரைக் கடைகள், உலர்ந்த பிளம் பழங்களைக் கோத்துச் செய்த குட்டி மனிதர்கள். போகிறவர்கள் வார நாள் காலையில் போங்கள்.

இந்தச் சந்தையை ஆரம்பித்து வைப்பது கிறிஸ்ட்கிண்ட், அதாவது பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கொண்டுவருவதாகச் சொல்லும் தேவதை. சதுக்கத்தில் இருக்கும் ஃப்ராவன்கிர்கே தேவாலயத்தின் மாடத்தில், பொன்னிறச் சுருள் முடியும் கிரீடமுமாக ஒரு பெண் வந்து நின்று வரவேற்புக் கவிதை சொல்வாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உள்ளூர்ப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019இல் தேர்வானவர் பெனிக்னா முன்சி. நியூரம்பெர்க்கிலேயே பிறந்தவர், அப்பா இந்தியாவிலிருந்து போனவர். உடனே குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரி ஏஎஃப்டி கட்சியின் ஒரு வட்டாரக் கிளை, அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நேர்ந்தது ஒருநாள் நமக்கும் நேரும் என்கிற மாதிரி ஃபேஸ்புக்கில் எழுதியது. எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கிவிட்டார்கள். அப்புறம் அந்தப் பொன்னிற முடி, அது விக். யார் தேர்வானாலும் அதைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்!

எங்கள் பாரம்பரியம் போச்சு என்று புலம்புகிறவர்கள் அந்தப் பாரம்பரியத்தின் வயசையாவது பார்க்க வேண்டாமா? சந்தை பழசுதான், 1628ஆம் ஆண்டு பொறித்த ஒரு சின்ன மரப்பெட்டி சாட்சிக்கு இருக்கிறது. ஆனால் கிறிஸ்ட்கிண்ட் வந்து தொடங்கி வைக்கும் சடங்கு 1933இல் நாஜிகள் கொண்டுவந்தது. அப்போது இதே சதுக்கத்துக்குப் பெயர் அடால்ஃப் ஹிட்லர் சதுக்கம். போரில் பழைய நகரமே தரைமட்டமாகி, 1948இல் திரும்ப நடந்த சந்தைக்குப் புதிதாகக் கவிதை எழுதினார்கள். உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுப்பது 1969இலிருந்துதான், அதற்கு முன் நடிகைகள். இன்னும் பின்னால் போனால் அங்கே நிற்கவே கால் கூசும். அந்த இடம் யூதர்கள் வாழ்ந்த குடியிருப்பு. 1349 டிசம்பரில் 500க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று, வீடுகளை இடித்துச் சந்தைச் சதுக்கம் ஆக்கினார்கள். ஜெபக்கூடம் இருந்த இடத்தில்தான் ஃப்ராவன்கிர்கே நிற்கிறது. அந்த வீடுகளை இடிக்க அனுமதி கொடுத்த பேரரசர் நான்காம் கார்லைத்தான் தேவாலயத்துக் கடிகாரத்தில் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஏழு பொம்மைகள் சுற்றி வந்து வணங்குகின்றன. எல்லோரும் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். நானும்தான்.

இதில் என்னை அதிகம் சிரிக்க வைத்தது லெப்கூகன், தேனும் மசாலாவும் போட்டுச் செய்யும் கிறிஸ்துமஸ் இனிப்பு. ஊரின் பெருமையே அதுதான். எலிசென் என்கிற உயர்ந்த ரகத்தில் மாவு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பாதாம் மாதிரிக் கொட்டைகள் கால்வாசியாவது இருக்க வேண்டும். தேன் பக்கத்துக் காட்டில் கிடைத்தது. ஆனால் ஏலக்காய், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்? நியூரம்பெர்க் இருக்கும் பவேரியா மாநிலத்தில் எந்தத் தோட்டத்தில் விளைந்தது? இந்த ஊர் மசாலா வியாபாரத்தில் கொழுத்த ஊர். அந்தக் காலத்துப் பணக்கார வியாபாரிகளை 'மிளகு மூட்டை' என்றே கிண்டல் செய்திருக்கிறார்கள். 1505இல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பிய போர்த்துகீசியக் கப்பல்களில் நியூரம்பெர்க் வியாபாரிகளும் பணம் போட்டிருந்தார்கள். ஐந்நூறு வருடமாக நம் பக்கத்துச் சரக்கை வைத்துப் பண்டிகை கொண்டாடிவிட்டு, ஒரு இந்தியரின் மகள் மாடத்தில் ஏறினால் மட்டும் வலிக்கிறதா?

க்ளூவைன் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். நான் கொடுக்கவில்லை, அலமாரியில் இருக்கிறது. ஒரு பெட்டி லெப்கூகனும் வாங்கி ஜனவரியில் ஊருக்கு எடுத்துப் போனேன். அம்மா பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடா, குருமாவுக்கு அரைச்ச வாசனை வருது" என்றார்.