பொதுமக்களும் பரிந்துரைக்க ஒரு வழி வேணுங்க

"குற்றவாளியைப் பிடித்தவர்களைக் கௌரவித்தாலே போலீஸின் ஊக்கம் கூடிவிடும்" என்று காவலர் பதக்கங்களைப் பற்றிய கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லைங்க. பிடித்தவர் பெயராவது செய்தியில் வந்துவிடும். அந்த வழக்கு கோர்ட்டில் நிற்கும்படி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய ஸ்டேஷன் ரைட்டரை யார் நினைக்கிறார்கள்? போன வருசம் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) திருவிழாவில் எங்கம்மா கூட்டத்தில் மயங்கிவிட்டார். பந்தோபஸ்தில் நின்ற பெண் காவலர் ஒருவர் அவரைத் தோளில் சாய்த்து வெளியே கொண்டுவந்து, தன் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்துவிட்டு, நாங்கள் நன்றி சொல்வதற்குள் தடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். விடிய விடிய நின்றிருந்தவர் அவர். இது எந்தப் பட்டியலில் வரும்? பொங்கலுக்குத் தரும் முதலமைச்சர் காவல் பதக்கம் காவலர், ஏட்டு, சிறப்பு எஸ்.ஐ. வரை போய்ச் சேர்வது நல்ல ஏற்பாடுதான். பதக்கத்தோடு தரும் மாதம் 400 ரூபாய் பதக்கப்படி எதற்கு ஆகும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிக் கேட்டிருக்கும் நண்பருக்கு: தொகை சிறிசு, ஆனால் சீருடையில் அந்தப் பதக்கத்தைப் பார்க்கும் பிள்ளைகளின் பெருமை பெரிசுங்க. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதக்கத்துக்கான பரிந்துரை அதிகாரிகளிடமிருந்து மட்டும் போகாமல், பொதுமக்களும் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வழி செய்யுங்கள். திம்பம் மலையடிவாரச் சோதனைச் சாவடியில் இரவுப்பணி பார்ப்பவர்களைப் பற்றி எழுத சத்தியமங்கலத்தில் எத்தனையோ லாரி ஓட்டுநர்கள் இருக்கிறார்கள்.