கர்ப்பத்தின் 10 வாரத்தில் ஆல்புமின் 1+ என்றால் பிரீ-எக்லாம்ப்சியா இல்லை

'கர்ப்பத்தின் 10வது வாரத்தில் யூரின்ல ஆல்புமின் (ஒரு வகைப் புரதம்) 1+ வந்தால் பிரீ-எக்லாம்ப்சியா ஆரம்பம், முட்டை, பருப்பு, உப்பை நிறுத்துங்க' என்று சொல்வது தவறு.

பிரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் போகும் நிலை) 20 வாரத்துக்குப் பிறகு வருவது. முத்துப்பிள்ளை கர்ப்பம் (கருவுக்குப் பதில் நஞ்சுத் திசு திராட்சைக்கொத்து போல வளர்வது) போன்ற அரிய நிலைகளில்தான் அதற்கு முன்பே வரும். 1+ என்றால் டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலே சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டையில் 1+ காட்டும் பச்சை நிறம் வந்துவிடும். வெள்ளைப்படுதல் கலந்தாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் அப்படித்தான். பட்டையை 60 விநாடியில் பார்க்காமல் மேஜையில் போட்டுவிட்டு அப்புறம் பார்த்தாலும் நிறம் ஏறியிருக்கும் (கூட்டமான லேபில் இது சகஜம்).

எனவே முதலில் மறுபரிசோதனை. பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வரும் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக் கொடுங்கள். கல்ச்சரும் (தொற்றுக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) சேர்த்துக் கேளுங்கள். மறுபடியும் 1+ என்றால் புரதம்–கிரியேட்டினின் விகிதம் பார்க்க வேண்டும், 0.3-க்குக் கீழே என்றால் பொதுவாகக் கவலையில்லை.

அதற்கு மேல் என்றால் அலட்சியம் கூடாது. இவ்வளவு சீக்கிரம் புரதம் போவது பெரும்பாலும் முன்பே இருந்த சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) இவற்றின் அடையாளம். பிபி, ரத்தக் கிரியேட்டினின், சர்க்கரை பார்ப்பார்கள். சிறுநீரக நோய் உறுதியானால் 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள்; அதை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

முட்டை, பருப்பை நிறுத்தினால் இழப்பு குழந்தைக்குத்தான். உப்பைக் குறைத்துப் பிரீ-எக்லாம்ப்சியாவைத் தடுக்கவும் முடியாது.