விதி ஒன்று, கவுண்டருக்குக் கவுண்டர் வேறு பட்டியல்

தாய்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்த வெளிநாட்டுக்காரர், அங்கே தங்கும் அனுமதியை வருஷா வருஷம் நீட்டிக்கணும். விதி என்னவோ தெளிவுதான்: நீட்டிப்புக்கான டிஎம்7 விண்ணப்பப் படிவம், 1,900 பாத் கட்டணம், அவர் பெயரில் அந்நாட்டு வங்கியில் 2 மாதமாகக் கிடக்கும் 4 லட்சம் பாத். இல்லையென்றால் மாதம் 40,000 பாத் வருமானம்.

குடிவரவு ஆபீசில் அதோடு விடுகிறார்களா? திருமணப் பதிவைக் காட்டும் கோர் ரோர் 2 என்ற ஆவணம் மாவட்ட அலுவலகத்தில் புதிதாக எடுத்ததாக இருக்கணும். எத்தனை நாள் பழசு செல்லும் என்பது ஆபீசுக்கு ஆபீஸ் மாறும். தம்பதி போட்டோ வாசலில் வீட்டு எண் தெரிய ஒன்று, கூடத்தில் ஒன்று. சில இடத்தில் படுக்கையறையிலும் கேட்பார்கள். வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம் வேறு. வங்கிக் கடிதம் அன்றைய தேதியில் இருந்தால் போதாதாம், பாஸ்புக்கிலும் அன்றைக்கே ஒரு வரவு விழணும் என்று திருப்பி அனுப்பும் கவுண்டர்களும் உண்டு. காலையிலேயே 100 பாத் போட்டு, என்ட்ரி அடித்துக்கொண்டு போவதுதான் பிழைக்கும் வழி.

கூடுதல் காகிதம் கேட்கும் உரிமை அதிகாரிக்கு இருக்கட்டும். அந்தப் பட்டியலை எழுதி ஒட்டிவைக்க என்ன கஷ்டம்? பலருக்கு முதலில் கிடைப்பது வருஷ நீட்டிப்பு அல்ல, 'பரிசீலனையில்' என்ற 30 நாள் முத்திரைதான். மறுநுழைவு அனுமதி இல்லாமல் நாட்டைத் தாண்டினால் எல்லாம் போச்சு; இதைக்கூடக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.