மார்க் இல்லாதவர்களுக்கான படிப்பாமே!

பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று பிள்ளைகளுக்கு வழிகாட்ட நேற்று ஒரு மேடையில் பேசியவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கமெண்டிலும் யாரும் போடாதீர்கள். கிளிப்பை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அது போதும்.

அந்தப் பிள்ளை கேட்டது சின்னக் கேள்வி. "சார், என் கட்-ஆஃப் 184. நான் விஸ்காம் படிக்கணும். எந்த காலேஜ் நல்லா இருக்கும்?" விஸ்காம் என்றால் விஷுவல் கம்யூனிகேஷன், கேமரா, ஒலி, எடிட்டிங் எல்லாம் கற்றுத்தரும் படிப்பு. எந்தக் கல்லூரி என்றுதான் கேட்டாள். படிக்கலாமா என்று கேட்கவில்லை. அதற்கு அவர், "184 வெச்சிக்கிட்டு விஸ்காமா? அது மார்க் இல்லாத பசங்களுக்கும்மா" என்கிறார். அரங்கம் சிரிக்கிறது. அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரிக்கிறாள். எனக்குத் தாங்க முடியாமல் போனது அவள் சிரிப்புதான். அந்தச் சிரிப்பை நான் சிரித்திருக்கிறேன்.

கிளிப்பை இன்னொரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். அவர் வாயை மூடிய அதே நொடியில் காட்சி அவள் முகத்துக்குப் போகிறது. மேடைக்குப் பின்னால் ஒருவர் மூன்று கேமராவையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, சரியான நேரத்தில் மாற்றியிருக்கிறார். ஒரு நொடி பிந்தியிருந்தால் அந்த முகம் நமக்குக் கிடைத்திருக்காது, இந்தக் கிளிப்பும் இத்தனை பேரிடம் போயிருக்காது. அந்த வேலையைச் செய்தவரும் மார்க் இல்லாதவராகத்தான் இருக்க வேண்டும். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான் 2011-இல் பிளஸ் டூ முடித்தேன். 1200-க்கு 1063. மார்க் இல்லாமல் வந்தவள் இல்லை என்று நிரூபிக்க இன்னமும் இந்த எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் எரிச்சல். விஸ்காம் சேரப் போகிறேன் என்றதும் பெரியப்பா, "கல்யாண வீடியோ எடுக்க மூணு வருஷம் படிக்கணுமா ஆயி?" என்று கேட்டார். திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் செமஸ்டரில் கேமராவைக் கையில் கொடுக்கவே இல்லை. பென்சில்தான். கை வரை, கால் வரை, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார். இதற்கா வந்தோம் என்று அழுகை வந்தது. அப்புறம் ஒலி வகுப்பு. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் முப்பது நொடி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்ய வேண்டும். ரூம் டோன் என்போம். எடிட்டிங்கில் வெட்டு விழுந்த இடத்தை ஒட்டுவதற்கு அது வேண்டும். வெறும் அறையில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எங்களுக்குச் சிரிப்புதான் வரும்.

கஜா புயலின்போது அது சிரிப்பாக இல்லை. 2018 நவம்பர் 16 விடிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த நாள் கேமராவோடு சொந்த ஊருக்கே போகிறேன், பட்டுக்கோட்டை பக்கம். பெரியப்பாவின் தென்னந்தோப்பு. நட்டுக் காய்ப்புக்கு வரவே ஐந்தாறு வருஷம் ஆகும் மரம், தாத்தா காலத்திலிருந்து நின்றது, எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. பெரியப்பா ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து பேசினார். எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். அதுவும் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். பேசி முடித்ததும் பழக்கத்தில், "பெரியப்பா, அரை நிமிஷம் பேசாம இருங்க" என்றேன். ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. நான் பிறந்ததிலிருந்து அந்தத் தோப்பில் ஓலை உரசும் சத்தம் நின்றதில்லை. அந்த முப்பது நொடியை வெட்டாமல் படத்தில் அப்படியே வைத்தேன். அவர் பேசியதை விட அதைப் பற்றித்தான் நிறையப் பேர் எனக்கு எழுதினார்கள்.

"இதை எடுத்து என்னம்மா ஆகப்போகுது?" என்று பெரியப்பா அன்றைக்குக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மரம் திரும்பி நிற்கப் போவதில்லை.

சரி, இப்போது கமெண்டுக்கு வருபவர்களுக்கு.

"யூடியூப்ல வில்லேஜ் குக்கிங் சேனல்காரங்க விஸ்காமா படிச்சாங்க?" இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்து வயல்வெளியில் அடுப்பு மூட்டி 2018-இல் தொடங்கினார்கள், 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்கள். அதே வருஷம் முதல்வர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் கொடுத்தார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் இருக்கிறது. அவர்கள் வயலிலேயே செய்து செய்து கற்றார்கள், நான் வகுப்பில் கற்றேன். கற்காமல் யாருக்கும் வரவில்லை. மணிரத்னம் எம்.பி.ஏ. படித்தவர் என்று அடுத்து ஒருவர் வருவார். வாருங்கள். பாலு மகேந்திரா புனேயில் ஒளிப்பதிவு படித்தவர், பி.சி.ஸ்ரீராம் நம் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர். அது மட்டும் ஏன் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை?

"போன்லயே எல்லாம் எடுக்கலாமே." பேனா எல்லார் சட்டைப் பையிலும்தான் இருக்கிறது.

"ஏஐ வந்துடுச்சு." உங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மட்டும் வராதா?

சம்பளம். இதில் பொய் சொல்ல மாட்டேன். 2014-இல் என் முதல் சம்பளம் 9 ஆயிரம். சென்னையில் ஹாஸ்டல் வாடகை போக மிஞ்சியதைச் சொன்னால் நீங்களே அந்த சார் பக்கம் போய்விடுவீர்கள். அறுபது பிள்ளைகளுக்கு இரண்டு கேமரா வைத்துக்கொண்டு, அதையும் பீரோவில் பூட்டிவைக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. அதனால்தான் அந்தப் பிள்ளையின் கேள்வி நல்ல கேள்வி! எந்தக் கல்லூரி என்று கேட்டாள். பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருக்கலாம், தெரியாவிட்டால் தெரியாது என்றிருக்கலாம். கேலி செய்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஒரு பையன் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அரங்கம் இவ்வளவு சிரித்திருக்குமா என்றும் தோன்றுகிறது. தெரியவில்லை. எனக்குத்தான் எல்லாம் அப்படித் தெரிகிறதோ என்னவோ. ராத்திரி பதினொரு மணிக்கு டிரைபாடைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவளுக்கு அப்படித்தான் தெரியும்.

அப்பா பட்டுக்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கிறார். நான் படித்த மூன்று வருஷமும், கடைக்கு வருபவர்கள் கேட்டால் "பாப்பா கம்ப்யூட்டர் சம்பந்தமா படிக்குது" என்றுதான் சொல்வார். பொய் இல்லை, எடிட்டிங் கம்ப்யூட்டரில்தான். ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது என் முன்னாலேயே சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைக் கூச வைத்தவர்கள் மேல்தான். இப்படி மைக் பிடித்துச் சொல்பவர்கள் மேல்தான்.

நேற்று ராத்திரி அந்தக் கிளிப் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்துவிட்டது. சித்தப்பா போட்டிருந்தார், கண்ணீர் வரச் சிரிக்கும் மூன்று பொம்மைகளோடு. கீழே வரிசையாக எல்லோரும் சிரித்திருந்தார்கள். பெரியப்பா மட்டும் "அந்த புள்ள கேட்டதுல என்ன தப்பு" என்று போட்டிருந்தார். அப்பா ஒன்றும் போடவில்லை. காலையில் போன் பண்ணினார். சாப்பிட்டியா என்றார், யூரியா தட்டுப்பாடு என்றார், மழை இல்லை என்றார். வைத்துவிட்டார்.

அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவளிடம் சொல்லி என் இன்பாக்ஸுக்கு வரச் சொல்லுங்கள். எங்கே எத்தனை கேமரா இருக்கிறது, எது பீரோவில் இருக்கிறது, எல்லாம் விசாரித்துச் சொல்கிறேன்.