பழைய வெப்பநிலைப் பதிவுகளைக் குறைத்துக் காட்டித்தான் புவி சூடாவதாகச் சொல்கிறார்களா?

அப்படிச் சொல்லிப் பகிரப்படும் செய்தி தவறு. பதிவுகள் திருத்தப்படுவது உண்மைதான். ஆனால் கடலையும் நிலத்தையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் திருத்தங்கள் நீண்டகால வெப்ப உயர்வைச் சற்றுக் குறைக்கவே செய்கின்றன.

காரணம் கடலில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் மாலுமிகள் கித்தான் வாளியில் கடல்நீரை மொண்டு, மேல்தளத்தில் வைத்து வெப்பமானியை அமிழ்த்துவார்கள். ஈரத் துணியிலிருந்து நீர் ஆவியாக, அளப்பதற்குள்ளேயே சூடு இறங்கிவிடும். பின்னாளில் என்ஜினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை அளந்தபோது அளவு சற்றுக் கூடியது. இதைச் சரிசெய்யப் பழைய கடல் அளவுகளை உயர்த்துகிறார்கள். வதந்தி சொல்வதற்கு நேர் எதிர்!

நிலப் பதிவுகளைச் சந்தேகித்த இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், 'பெர்க்லி எர்த்' குழுவை அமைத்து 36,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் தரவைத் தனியாக ஆராய்ந்தார். நிலையம் இடம் மாறியிருந்தால் அந்தத் தொடரை அங்கேயே வெட்டி, இரண்டு நிலையங்களாகக் கணக்கிட்டார்கள். முடிவு நாசாவின் வெப்பநிலை வரைபடத்தோடு பொருந்தியது. 2012-இல் முல்லர் தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாக எழுதினார்.

நீங்களே கணக்கிடலாம், தரவு இலவசம். வெறும் வெப்பநிலைகளைச் சராசரி எடுக்காதீர்கள்: ஒரு மலை நிலையம் மூடப்பட்டாலே சராசரி எகிறும். ஒவ்வொரு நிலையத்தின் அளவிலிருந்தும் அதன் 1951–1980 சராசரியைக் கழித்து, அது குறிக்கும் பரப்பளவுக்கேற்ப எடையிடுங்கள்.

உலக வானிலை அமைப்பு ஆறு தரவுத்தொகுப்புகளை ஒப்பிட்டது. அதன்படி, 1850–1900 சராசரியைவிட 2024 சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம்.