கலர் படம்தான், சரி

"கலர் படம் காட்டிப் பாறையை உடைக்க முடியாது தம்பி." சனிக்கிழமை புதுச்சேரிக் கூட்டத்தில், சுரங்க இயந்திரத்தின் பல் பாறையை உடைப்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு நான் காட்டியபோது, மேடையில் ஒருவர் என்னிடம் சொன்னது இது. யார் என்று வந்தவர்களுக்குத் தெரியும். கைதட்டல்கூடக் கிடைத்தது. நான் சிரித்து வைத்தேன். பஸ் கடலூர் வந்து சேரும்வரை மனதுக்குள் பதில் பதிலாக வந்தது, வழக்கம்போலத் தாமதமாக.

சார், நிறம் போடுவது மென்பொருள். என் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும். பாறையை ஒட்டிக்கொண்ட சின்னச் சின்ன உருண்டைகளாக வைத்துக்கொள்கிறோம். 1979-ல் பீட்டர் கண்டல், ஓட்டோ ஸ்ட்ராக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மணல் போன்ற துகள்களுக்காகக் கொடுத்த முறை இது. ஒட்டு பிற்பாடு சேர்ந்தது. அந்த ஒட்டின் பலத்தை எந்தக் கருவியாலும் நேராக அளக்க முடியாது. நிஜக் கல்லை நசுக்கியும், வட்டாக நறுக்கிப் பிளந்தும் கிடைக்கிற இரண்டு எண்களும் மாடலில் வரும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று பிடிபட்டால் இன்னொன்று நழுவும். எனக்கு நாலு மாதம் போனது. கலர் படமாம்.

அப்பா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில், மண்ணை வெட்டியெடுக்கும் ராட்சதச் சக்கரமான பக்கெட் வீலுக்குப் பல் மாற்றியவர். கடலூர் மணற்கல் மழுக்கிய ஒரு பல் எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டாகக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன். பல்லின் முனைக்குக் கீழே கல் மாவாகிறது. அங்கிருந்து விரிசல் ஓடி ஓரத்தில் சில்லு தெறிக்கிறது. மாவாக்கத்தான் சக்தி வீணாகிறது. இழுத்துப் பிளக்க, நசுக்குவதில் சுமார் பத்தில் ஒரு பங்கு பலம் போதும். முனையை எந்தக் கோணத்தில் வைத்தால் மாவு குறைந்து சில்லு கூடும்? இதைத்தான் அந்தக் கலர் படத்தில் தேடுகிறேன்.

"உருண்டையின் அளவை மாற்றினால் விடையும் மாறுமே?" மாறும். விரிசல் கணக்கில் அது பெரிய தலைவலிதான். அதனால்தான் மூன்று அளவில் ஓட்டிப் பார்க்கிறோம். சரி, விடுங்கள்.

"அனுபவம் இருந்தால் போதுமே, கம்ப்யூட்டர் எதற்கு?" இதுதான் சுடுகிறது. அனுபவத்தின் மேல் அவ்வளவு மரியாதை என்றால், பல் மாற்றியவர்களில் ஒருவரையாவது அந்த மேடைக்குக் கூப்பிட்டீர்களா? அப்பாவுக்குச் சத்தத்தை வைத்தே எந்தப் பல் போய்விட்டது என்று தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் மகன் கணக்குப் போட்டுக் கேட்டால் அது கலர் படம்.

ஒப்பிட்டுப் பார்க்க நாலு கல் துண்டு கேட்டு ஓரிடத்துக்குக் கடிதம் போட்டு ஏழு மாதம் ஆகிறது. "நிஜப் பாறையோடு ஒப்பிட்டாயா?" என்று மேடையில் கேட்டதும் அதே இடத்துக்காரர்தான்!

பல் இன்னும் கதவடியில்தான் கிடக்கிறது சார். ஒரு நாள் வந்து பாருங்கள், அதில் கலர் கிடையாது.