சிடான் ரொனால்டோ இல்லாம கப் எடுக்கேல்லையாம், உது பொய்

குருநகர், பாசையூர் பெடியளின்ர வட்ஸப்பில இப்ப ஒரு படம் சுத்துது, ரொனால்டோ இல்லாம சிடான் கோச்சா ஒரு கப்பும் எடுக்கேல்ல, பிரான்ஸ் அணிக்குக் கோச்சா ஆள் சரிவராது எண்டு. பொய். ரொனால்டோ 2018இலயே ரியல் மட்ரிட்டை விட்டு ஜுவென்டஸுக்குப் போட்டார், சிடான் 2019 மார்ச்சில திரும்பி ரியல் மட்ரிட்டுக்குக் கோச்சா வந்து 2019-20 லா லிகாவை, அதுதான் ஸ்பெயின் லீக்கை, 87 புள்ளியோட எடுத்தவர், பார்சிலோனாவுக்கு 82, அதுவும் மெஸ்ஸி அங்க நிக்கேக்க. பென்சமா 21 கோல், டிஃபென்டர் ராமோஸ் 11, ஆனா என்னைக் கேட்டா அந்தக் கப் வந்தது தடுப்பாட்டத்தாலதான், 38 மட்ச்சில வாங்கினது வெறும் 25 கோல், உதை ஒருத்தரும் கதைக்கிறேல்ல. ஸ்பானிஷ் சூப்பர் கப்பும் அதே சீசனிலதான். சிடான் கோச்சா எடுத்த சாம்பியன்ஸ் லீக் மூண்டிலயும் ரொனால்டோ நிண்டது உண்மை, 2020-21இல சிடான் வெறுங்கையோட போனதும் உண்மை, சண்டை பிடிக்கிறதெண்டா அதை வச்சுப் பிடியுங்கோ.